‘பொறவு பாத்துக்கிடலாம்!’
கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியைத் தள்ளிப்போடும் வீடுகள்

குமரி மாவட்டத்தின் பூச்சந்தை ஊரான தோவாளையில் கர்ப்பிணிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் தடுப்பூசியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் அநேகமாக இல்லை. ‘பொறவு பாத்துக்கிடலாம்’ என்பதுதான் பதிலாக வருகிறது. மாமியார் அப்படிச் சொல்கிறார். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் கணவர் போனில் அதையே சொல்கிறார். ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய பெண்ணும் கடைசியில் அதைத்தான் நம்மிடம் ஒப்பிக்கிறார். மறுப்பவரிடம் வாதாடிப் பார்க்கலாம். தலையாட்டிவிட்டுத் தள்ளிப்போடுகிறவரிடம் வாதாட எதுவும் இல்லை. அதற்குள் ஒரு மாதம் போய்விடுகிறது.

பூச்சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் பிச்சி கட்டிக்கொண்டிருந்தார். நனைத்த வாழைநார் மடியில் கிடந்தது. பேசும்போது கண் நம் மேல் இருந்தது. விரல்கள் பாட்டுக்கு இரண்டிரண்டு மொட்டாக எடுத்து முடிந்துகொண்டே போயின.

“மொத ஊசி போட்டாச்சு அக்கா. ரெண்டாவது போடணும்னு நர்ஸம்மா வந்து சொன்னாங்க. அன்னைக்கு எனக்கு லேசா தலைவலி. பொறவு அத்தை, ஏழாம் மாசம் பலகாரம் கொண்டுவந்து அம்மை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்லா, அங்க வச்சுப் போட்டுக்கிடலாம்னுட்டாங்க.”

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. “மக்ளே, ஊசி எங்க ஓடியா போவுது?”

அக்கறையில்லாதவர் அல்ல அந்த அம்மாள். மருமகளைக் குனிந்து கோலம் போடக்கூட விடுவதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவ்வளவு பொத்திப் பாதுகாக்கிறவர்தான் ஊசியையும் தள்ளிவைக்கிறார். இந்த விஷயத்தில் என்னை அதிகம் கலங்கடிப்பது அதுதான். பிரியமே காலதாமதத்துக்குக் காரணமாகிறது.

அந்த இரண்டாவது ஊசி என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும் டிடி. முன்பு டிடி என்றால் ரணஜன்னிக்கு எதிரான ஊசி மட்டும். சில ஆண்டுகளாகத் தொண்டை அடைப்பானுக்கான மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். கர்ப்பம் உறுதியானதும் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய பிரசவத்தில் இரண்டும் போட்டு, மூன்று வருடத்துக்குள் மறுபடி கர்ப்பம் என்றால் ஒன்றே போதும். ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொழுவுரம் போட்ட பூந்தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கும் பெண்கள் உள்ள ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த ஜன்னி கண்டது. நாடு முழுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றுக்கும் கீழே அதைக் கொண்டுவந்துவிட்டோம் என்று 2015-ல்தான் உறுதி செய்யப்பட்டது. சுத்தமான பிரசவ அறையும் இந்த ஊசியும் சேர்ந்து செய்த வேலை. நோயை யாரும் கண்ணால் பார்க்காததால், ஊசியும் அவசரமில்லாததாகிவிட்டது.

கொரோனா கற்றுக்கொடுத்தது

தள்ளிப்போடும் பழக்கம் வீட்டுக்குள் மட்டும் பிறந்ததில்லை. 2021-ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பட்டியலில் இல்லை. ஊசிகளைச் சோதித்தபோது கர்ப்பிணிகளை அதில் சேர்க்கவில்லை, ஆகவே தரவு இல்லை, ஆகவே இப்போதைக்கு வேண்டாம். பாலூட்டும் தாய்மாருக்கு மே 19-ல் வழி பிறந்தது. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ல்.

இடையில்தான் இரண்டாம் அலை வந்து போனது. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று. கர்ப்பிணிகளும் பிரசவித்தவர்களுமாக 1,530 பேரின் விவரங்களை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அந்த ஜூனில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. முதல் அலையில் 14.2 சதவீதம் பேருக்கு அறிகுறி இருந்தது. இரண்டாம் அலையில் 28.7 சதவீதம். இறந்தவர்கள் முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாவதில் 5.7. இந்த எண்களைப் படித்துவிட்டு, ‘பிறகு’ என்ற பதிலை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

‘ஜனவரியில் வேண்டாம்னாங்க, ஜூலையில போடுன்னா எதை நம்புறது?’ என்று அப்போது கேட்டவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் ஊசி போட்டபின் தந்த தகவல்கள் அந்த ஏப்ரலிலேயே வெளிவந்து, பயப்படும்படி எதுவும் இல்லை என்று காட்டின. ஆனால் அவர்கள் போட்டது வேறு வகை ஊசி; இங்கே பெரும்பாலும் கிடைத்தவை கோவிஷீல்டும் கோவாக்சினும். இந்த வித்தியாசத்தை உட்கார்ந்து விளக்கச் சுகாதார நிலைய வரிசையில் யாருக்கும் நேரமில்லை.

இதற்கெல்லாம் வேர் பழையது. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையை மசக்கைக்கென்று விழுங்கிய தாய்மாருக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. பத்தாயிரத்துக்கும் மேல் என்பது உலகக் கணக்கு. 1961-ல் அதை விலக்கினார்கள். அந்தப் பயத்தில், கர்ப்பிணியைச் சோதனைப் பக்கமே கொண்டுவராமலிருப்பது மருத்துவ உலகின் வழக்கமாகிப்போனது. ஆனால் அந்த மாத்திரையையே கர்ப்பத்தில் முறையாகச் சோதித்துப் பார்க்காமல்தான் விற்றார்கள். ‘சோதிக்கவில்லை, அதனால் காத்திரு’ என்று ஒவ்வொரு தலைமுறையிலும் கர்ப்பிணிக்குச் சொல்லப்படுகிறது. மாமியார் பேசுவதும் அதே பாடம்தான்.

காத்திருந்த காலத்துக்கு வேறொரு விலையும் உண்டு. கோவிஷீல்டுக்கு அப்போது இரண்டு ஊசிக்கும் நடுவே 84 நாள் இடைவெளி இருந்தது. ஜூலையில் ஆறாவது மாத முடிவில் இருந்தவர் உடனே போட்டிருந்தால் பிரசவத்துக்குள் இரண்டும் முடியும். ‘ஆடி போகட்டும்’ என்று வீட்டில் ஒரு மாதம் இழுத்திருந்தால் ஒன்றோடுதான் பிரசவ அறைக்குப் போயிருப்பார். இருந்தும் தமிழகம் வேகமாகத்தான் இறங்கியது. ஜூலை முடிவதற்குள் நாட்டில் ஊசி போட்டுக்கொண்ட 2.27 லட்சம் கர்ப்பிணிகளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நம்மவர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரிடம் ‘பொறவு’ என்று சொல்வது அத்தனை சுலபமில்லை.

நாய் கடித்தாலுமா?

என்னைப் பதறவைத்தது வேறொரு பேச்சு. சந்தைக்கு ஆள் நடமாடும் நேரம் விடியலுக்கு முந்தைய இருட்டு; தெருநாய்களும் அப்போதுதான் கூட்டமாக அலையும். ‘மாசமா இருக்கிற பிள்ளையை நாய் கடிச்சா ஊசி போடலாமா?’ என்று பூ எடுக்க வந்த ஒரு நடுவயதுப் பெண் கேட்டார். ‘பிள்ளை பொறந்த பொறவு போட்டாப் போதும்னு சொல்லுதாங்களே’ என்றும் சேர்த்துக்கொண்டார். யார் சொன்னார்கள் என்றால் தெரியவில்லை.

தயவுசெய்து யாரும் இதை நம்ப வேண்டாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியில் இருப்பது செத்த கிருமி. எந்த மாதத்திலும் கர்ப்பிணிக்குப் போடலாம், போட்டே ஆகவேண்டும். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரமும் உண்டு, அதுவும் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானதே. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. தாயோடு வயிற்றுப் பிள்ளையும் போய்விடக்கூடும்.

தள்ளிப்போட வேண்டிய ஊசிகளும் இருக்கின்றன. தட்டம்மை–ருபெல்லா, சின்னம்மை ஊசிகளில் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி இருப்பதால் அவற்றைக் கர்ப்பத்தில் போடுவதில்லை. கல்யாணத்துக்கு முன்போ, பிரசவத்துக்குப் பின்போ வைத்துக்கொள்வார்கள். எந்த ஊசி எந்த வகை என்பது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றுவதுதான் ஆபத்து. இயற்கையான எதிர்ப்புச் சக்தியே போதும் என்று வாதிடுகிறவர்களும் ஊரில் உண்டு. ரணஜன்னி ஒருமுறை வந்து பிழைத்தவருக்குக்கூட அதற்கான எதிர்ப்பு உடம்பில் உண்டாவதில்லை என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வீட்டுக்கு நடுவில்

ஏழாம் மாதப் பலகாரத்துக்கு வருகிறேன். அந்தப் பிச்சி கட்டிய பெண்ணின் தாய்வீடு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வள்ளியூர்ப் பக்கம். பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனால் மாவட்டம் மாறுகிறது, சுகாதார நிலையம் மாறுகிறது, செவிலியர் மாறுகிறார். இங்கே உள்ளவர் ‘அங்கே போட்டிருப்பார்கள்’ என்று நினைக்க, அங்கே உள்ளவருக்கு இவர் வந்ததே தெரிவதில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் 12 இலக்க பிக்மி நம்பர் எந்த ஊருக்குப் போனாலும் கூட வரும் என்பது உண்மை. ஆனால் அந்த நம்பரைச் சொல்ல அவர் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டுமே. தாய்வீட்டில் பிள்ளையை ஓய்வெடுக்க வைப்பார்களா, வெயிலில் ஊசிக்கு அனுப்புவார்களா?

பூச்சந்தைக்காரர்களுக்கு நேரத்தின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிச்சி மொட்டாக இருக்கும்போதே பறித்தால்தான் விலை. மலர்ந்தபின் வாங்க ஆளில்லை. கர்ப்பகால ஊசிக்கும் அப்படியொரு பருவம் இருக்கிறது. தாயின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது கடைசி மூன்று மாதங்களில்தான் அதிகம். ஊசி போட்டு இரண்டு வாரமாவது போனால்தான் அது போதுமான அளவு உருவாகும். வலி எடுத்தபின் போட்டால் தாய்க்கு உதவலாம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு நேரம் போய்விட்டது.

கக்குவான் இருமலில் இது இன்னும் துல்லியம். குழந்தைக்கு முதல் பெண்டாவேலன்ட் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரையிலான ஒன்றரை மாதம் தாய் கொடுத்தனுப்பும் எதிர்ப்புதான் துணை. 2012-ல் பிரிட்டனில் இந்த இருமலுக்குப் பதினான்கு கைக்குழந்தைகள் பலியாக, அந்த ஆண்டே கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 90 சதவீத நோயை அது தடுத்தது. பிற்பாடு போட்டுக்கொள்ளும் கர்ப்பிணிகள் குறைந்தார்கள். 2024-ல் இருமல் திரும்பி வந்தபோது மறுபடி குழந்தைகள் இறந்தன. அங்கேயும் நோய் மறைந்ததும் ஊசி தள்ளிப்போயிருக்கிறது.

ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்குமான டிடேப் ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறது இந்திய மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு. நம் தேசிய அட்டவணையில் கர்ப்பிணிக்கு டிடி மட்டும்தான். டிடேப் வேண்டுமென்றால் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். பூ கட்டிப் பிழைக்கும் வீட்டில் அந்தக் காசுக்கும் ‘பொறவு’தான். இருபத்தேழாவது வாரம் என்பது ஏறக்குறைய ஏழாம் மாதம், பலகாரம் வந்து பெண்ணைக் கூட்டிப்போகும் அதே சமயம். டிடேப்பை அட்டவணையில் சேர்த்து, இலவசமாக்கி, தாய்வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய பரிசோதனையின்போதே போட்டுவிடலாம். பரிசோதனை நாளில் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கலாம். கணவர் வெளிநாட்டில் இருந்தால் செவிலியர் முன்னிலையிலேயே வீடியோ காலில் பேசட்டும். கிளம்புகிற பெண்ணின் பையில் தாய்–சேய் அட்டையும், அதன் பின்பக்கத்தில் அந்த ஊர்ச் செவிலியரின் போன் நம்பரும் இருக்க வேண்டும். டிடேப்பைத் தவிர மற்றதற்கெல்லாம் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை, அடுத்த பரிசோதனை நாளிலேயே தொடங்கிவிடலாம்.