போர்ப்படகு வீடான கதை

கார் தயாரிச்ச ஒருத்தர் போர்ப்படகு கட்டினா எப்படி இருக்கும்? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் நோயல் மாக்லின் அதைத்தான் செய்தார். 112 அடி நீள 'ஃபேர்மைல் பி' மோட்டார் லாஞ்சின் பாகங்களை மரச்சாமான் தொழிற்சாலைகளில் தனித்தனியாகச் செய்ய வைத்து, படகுத் துறைகளில் பூட்டவைத்தார். நம்ம புராஜெக்ட் கிட் மாதிரிதான்! இப்படி சுமார் 650 படகுகள் உருவாகின.

போர் முடிந்ததும் கடற்படைக்கு இவை தேவையில்லை. ஆனால் குண்டுவீச்சில் வீடுகள் அழிந்திருந்த நாட்டில் குடியிருக்க இடமில்லை. பலர் படகை வாங்கினார்கள். பெட்ரோலைக் குடிக்கும் இரண்டு எஞ்சினையும் கழற்றினால், எஞ்சின் அறையே ஹால்!

சிக்கல் எங்கே தெரியுமா? வெளிச்சுவர், ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடித்த இரண்டு அடுக்குப் பலகை. எடை குறைவு, உறுதி அதிகம். ஆனா மழைத்தண்ணி நடுவே இறங்கிட்டா, மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே மரம் உளுத்துப்போகும். பிரிக்காமல் பார்க்கவும் முடியாது. வீடான படகுகளில் பல இப்படித்தான் போயின.

தப்பிய ஒன்று, ஆர்எம்எல் 497. டார்பே பகுதியில் பயணிகள் படகாக ஓடி, பின்னர் ஹார்ட்டில்பூல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை 'டிசைன் லைஃப்' என்று பரீட்சையில் எழுதும்போது யோசிங்க: சில வருடப் போருக்காகக் கட்டியதில்தான் குடும்பங்கள் பல வருடம் வாழ்ந்தன.