உருகும் பனி: மண்ணுக்கா, வெள்ளத்துக்கா?

கனடாவின் சஸ்காட்செவான், மானிட்டோபா மாகாணங்களில் கோதுமை பெருமளவில் பயிராகிறது. அங்கு ஆண்டு மழையளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பனியாக விழுகிறது. ஆனால் வயல்களிலிருந்து ஓடைகளுக்கு வழிந்தோடும் நீரில் சுமார் 80 சதவீதம் இந்தப் பனி உருகி வருவதேயாகும். வசந்த காலத்தில் பனி உருகும்போது நிலம் இன்னும் உறைந்தே கிடப்பதுதான் இதற்குக் காரணம்.

உறைந்த மண்ணில் நீர் சிறிதும் இறங்காது என்று எண்ணுவது தவறு. மண்ணின் நுண்துளைகளில் எவ்வளவு பனிக்கட்டி அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே நீர் இறங்கும். இலையுதிர் காலத்தில் மண் ஈரமாக இருந்து உறைந்தால் துளைகள் அடைபடும். காய்ந்த நிலையில் உறைந்தால் திறந்திருக்கும்.

மூன்று வகை

உறைந்த மண்ணை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மேற்பரப்பில் பனிக்கட்டி ஏடு படிந்த மண்ணில் நீர் அநேகமாக இறங்காது. காய்ந்து வெடித்த களிமண்ணில் வெடிப்புகள் வழியே நீர் முழுவதும் இறங்கிவிடும். மற்ற நிலங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

இந்த இடைப்பட்ட வகைக்கு கிரேஞ்சர், கிரே, டிக் ஆகியோர் 1984-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டனர். பனி எவ்வளவு நீருக்குச் சமம், மேல் 30 செ.மீ. மண்ணில் ஈரம் எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால் போதும். உதாரணமாக, பனியில் 100 மி.மீ. நீர் இருப்பதாகக் கொள்வோம். மண் துளைகளில் 40 சதவீதம் ஈரம் இருந்தால் சுமார் 44 மி.மீ. மண்ணில் இறங்கும். 80 சதவீதம் ஈரம் இருந்தால் சுமார் 15 மி.மீ. மட்டுமே இறங்கும், மீதி ஓடிவிடும்.

நீர்ப்பிடிப்புப் பகுதிக்குக் கணக்கு

ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தரிசு நிலத்தின் பனியைக் காற்று அடித்துச் செல்லும். அரிதாள் நிற்கும் வயலிலும் புதர்களிலும் அது தங்கும். எனவே பகுதியைப் பல கூறுகளாகப் பிரித்து, காற்று, வெப்பநிலை, மண் ஈரம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். சஸ்காட்செவான் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உருவாக்கிய 'குளிர்ப் பிரதேச நீரியல் மாதிரி' இம்முறையில் இயங்குவதாகும்.

1997 வெள்ளம்

இந்தக் கணக்கின் அவசியத்தை 1997-ல் ரெட் நதி உணர்த்தியது. முந்தைய இலையுதிர் காலத்தில் மண் நன்கு நனைந்திருந்தது. பின்னர் கடும் பனி பெய்தது. ஏப்ரலில் பனிப்புயலும் வந்தது. அந்நதி வடக்கு நோக்கி ஓடுவதால், தெற்கே பனி உருகும்போது வடக்கே நதி உறைந்திருப்பது வழக்கம். அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 1968-ல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ள வடிகால் வின்னிபெக் நகரைக் காத்தது.

விவசாயி செய்யக்கூடியது

அறுவடையின்போது அரிதாளை உயரமாக விட்டால் பனி வயலிலேயே தங்கி, விதைப்புக்கு ஈரம் கூடும். உறைந்த நிலத்தில் எரு இட்டால் உருகும் நீருடன் அது ஓடைக்குப் போய்விடும். மானிட்டோபாவில் குளிர்காலத்தில் எரு இடத் தடை உள்ளது. நிலம் உறையும் முன் மண்ணின் ஈரத்தை அளந்து வைத்தால், வரும் வசந்தத்தில் உருகும் பனி வயலுக்கு எவ்வளவு உதவும் என்பதை முன்கூட்டியே ஓரளவு அறியலாம்.