கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? கெட்டித்தன்மையைக் காட்டும் ஸ்கேன்



நம்மில் பலர் கல்லாவில் உட்கார்ந்தபடியே வெற்றிலை புகையிலை போடுகிறோம். பீடி, சிகரெட் பிடிக்கிறோம். இதனால் வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்தால், அது பரவும்போது பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது கழுத்து நெறிகளில்தான்.

சளி, பல்வலி, தொண்டைப்புண் காரணமாக நெறி கட்டினால் பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். புற்றுநோய் பரவிய கட்டி பெரும்பாலும் வலிக்காது, கெட்டியாக இருக்கும். வெல்லத்தை நாம் அமுக்கிப் பார்ப்பதுபோல டாக்டரும் விரலால் அமுக்கிப் பார்ப்பார். விரலுக்கு அகப்படாத சிறு கட்டிகளின் கெட்டித்தன்மையை அறிய உதவுவதே எலாஸ்டோகிராபி.

இது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோடு சேர்ந்த ஒரு கூடுதல் வசதி. 1991-ல் அமெரிக்காவில் ஜோனதன் ஓஃபிர் குழுவினர் இம்முறையை வெளியிட்டார்கள். கருவியைக் கழுத்தில் வைத்து லேசாக அமுக்கினால் மென்மையான இடம் நசுங்கிக் கொடுக்கும். கெட்டியான இடம் அவ்வளவாகக் கொடுக்காது. இந்த வித்தியாசத்தை மெஷின் நிறங்களாகக் காட்டும். இன்னொரு முறையில் அதிர்வலையைச் செலுத்தி அதன் வேகத்தை அளக்கிறார்கள். கெட்டியான இடத்தில் அலை வேகமாக ஓடும். கத்தியோ கதிர்வீச்சோ இதில் இல்லை.

ஆனால் இதையே முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் 43 நோயாளிகளின் 141 கழுத்துக் கட்டிகளைச் சோதித்தார்கள். புற்றுநோய் பரவியிருந்த கட்டிகளில் 100-க்கு 85-ஐ இது சரியாகக் காட்டியது. மீதி 15 தப்பிவிட்டன. காசநோய்க் கட்டியும் கெட்டியாகத் தெரியலாம். லிம்போமா என்னும் நெறிப் புற்றுநோய்க் கட்டி மென்மையாகவும் இருக்கலாம்.

அப்படியானால் இதனால் என்ன பயன்? பல கட்டிகள் இருக்கும்போது எதில் ஊசி போட வேண்டும் என்று டாக்டருக்கு வழிகாட்டும். மூட்டையை வெளியே தட்டிப் பார்த்தாலும், குத்தூசி போட்டு மாதிரி பார்த்த பிறகுதானே நாம் விலை பேசுகிறோம்? மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து எடுத்துச் சோதிப்பதும் அதுபோலத்தான். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பயந்து தள்ளிப் போடாதீர்கள்.

3 வாரத்துக்கு மேல் கரையாத கட்டி, ஆறாத வாய்ப்புண், மாறிய குரல் இவற்றில் ஏதேனும் இருந்தால் பண்டிகை வியாபாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காது, மூக்கு, தொண்டை டாக்டரை உடனே பாருங்கள். ஸ்கேனில் பயமில்லை என்று வந்தாலும், "ஊசிப் பரிசோதனை தேவையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குத் திரும்புங்கள்.