வண்டி ரிப்பேர்: ஒரே வேலைக்கு இரண்டு கூலியா?

மொத்தக் கடையிலிருந்து மூட்டை ஏற்றவும், வாடிக்கையாளர் வீட்டுக்குச் சரக்கு அனுப்பவும், வசூலுக்குப் போய் வரவும் இன்று நம்மில் பலருக்கு வண்டி இல்லாமல் முடிவதில்லை. சுமையும் குண்டும் குழியுமான சாலையும் சேர்ந்து முதலில் பதம் பார்ப்பது வண்டியின் சஸ்பென்ஷனையும் ஆக்ஸிலையும்தான். பழுது வந்தால் உதிரி பாகத்தின் விலையை நான்கு கடையில் விசாரிக்கிறோம். கூலியை மட்டும் சீட்டில் எழுதியபடியே கொடுத்து விடுகிறோம். அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

கூலி எப்படிப் போடுகிறார்கள்?

பெரும்பாலும் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு என்று ஒரு கட்டணம் இருக்கும். அந்த வேலையை மட்டும் தனியாகச் செய்தால் ஆகும் நேரத்தை வைத்துப் போட்ட கட்டணம் அது. ஜாக்கி ஏற்றுவது, சக்கரத்தைக் கழற்றுவது, வேலை முடிந்து மறுபடி மாட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று வேலைகள் வந்து, எல்லாக் கட்டணத்தையும் அப்படியே கூட்டினால், பொதுவான வேலைக்கு இரண்டு மூன்று முறை கூலி ஏறிவிடும்.

ஒரே லாரியில் அரிசி, பருப்பு, சர்க்கரை மூன்றும் வந்து இறங்கினால் நாம் மூன்று லாரி வாடகையா கொடுக்கிறோம்?

ஒரு கணக்கு

முன் சக்கரம் இழுக்கும் கார்களில் டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற, பொதுவாகச் சக்கரத்தை எடுத்து, லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட்டைப் பிரித்து, அச்சு முனையை வெளியே இழுக்க வேண்டும். லோயர் ஆர்மை மாற்றவும் இதே சக்கரம், இதே பால் ஜாயிண்ட்தான். மிச்சம் இருப்பது உள்பக்கத்துப் போல்ட்டுகள் மட்டுமே. ஷாக் அப்சார்பருக்கும் சக்கரம் கழற்றுவது பொது. ஆனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரித்து மாட்டுவது தனி வேலை.

கணக்குக்காக, தனித்தனிக் கூலி ஷாஃப்ட்டுக்கு 1000, லோயர் ஆர்முக்கு 600, ஷாக் அப்சார்பருக்கு 800 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கூட்டினால் 2400. ஒரே பக்கத்தில் ஒரே சமயத்தில் செய்யும்போது ஷாஃப்ட்டுக்கு முழுக் கூலியும், மற்ற இரண்டுக்கும் மிச்ச வேலைக்கு 250, 550 ரூபாயும் போட்டால் 1800தான். வித்தியாசம் 600 ரூபாய். கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போடும் இடமாக இருந்தால் 708 ரூபாய்.

வீல் பேரிங்கும் இப்படித்தான். ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டால் பேரிங் வேலையில் பெரும்பகுதி முடிந்த மாதிரி. பழையதை அழுத்தி எடுத்துப் புதியதை ஏற்றுவதற்குத்தான் தனிக் கூலி. பின் சக்கரம் இழுக்கும் வேன்களில் பிரேக் லைனர் மாற்றுவதற்கும் ஆக்ஸில் ஆயில் சீல் மாற்றுவதற்கும் டிரம்மைக் கழற்றுவது பொது. சீல் கசிந்தால் எண்ணெய் லைனரில் படும் என்பதால் இந்த இரண்டும் பல நேரம் சேர்ந்தே வரும்.

மெக்கானிக் பக்க நியாயம்

இடப்பக்கம் செய்த வேலை வலப்பக்கத்துக்கு உதவாது. அங்கே மறுபடி முதலிலிருந்துதான் கழற்ற வேண்டும். துருப்பிடித்த போல்ட்டை அறுத்து எடுக்க நேர்ந்தால் அதற்கு அதிகம் கேட்பதும் முறையே. உழைப்புக்கு உரிய கூலியைக் குறைக்கச் சொல்வது நம் நோக்கமல்ல. செய்யாத வேலைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே நாம் சொல்வது.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை

1. வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட் வாங்குங்கள். பாகம் தனி, கூலி தனி, எந்தப் பக்கம் என்பதும் தனியாக இருக்கட்டும்.

2. "இந்த வேலைகளில் எதெல்லாம் பொது?" என்று அப்போதே கேளுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

3. வீல் அலைன்மெண்ட் எல்லா வேலையும் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை பார்த்தால் போதும்.

4. ஷாஃப்டைக் கழற்றும்போதே கிழிந்த ரப்பர் பூட்டையும், கசியும் கியர்பாக்ஸ் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். பின்னால் செய்தால் முழுக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும்.

5. கூலி மிச்சம் என்பதற்காக நன்றாக இருக்கும் பாகத்தை மாற்றாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சரக்கு வாங்கும் பில்லை வரிக்கு வரி பார்க்கும் நாம், ரிப்பேர் பில்லையும் அதே கண்ணோடு பார்த்தால் போதும். நல்ல மெக்கானிக் இதற்கு வருத்தப்பட மாட்டார்.