ஹெவி மெட்டல்: சத்தமா, கனமா?

"என்னடா இது, ஒரே இரைச்சல்!" என்று நாம் சொன்னால், "இரைச்சல் இல்லப்பா, மெட்டல்" என்று பதில் வருகிறது. 2007 மார்ச்சில் 'அயர்ன் மெய்டன்' குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது கூடிய ஆயிரக்கணக்கான இளைஞர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். ஆனால் மெட்டல் என்றால் என்ன என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். இந்த வழக்கு அரை நூற்றாண்டாக நடக்கிறது.

பிறப்பிடத்தைப் பற்றி அதிகம் சண்டையில்லை. இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்ஹாமில் 1968இல் சேர்ந்த நால்வர், 'பிளாக் சப்பாத்' என்ற பெயரில் 1970 பிப்ரவரியில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அவர்களில் கிடார் வாசித்த டோனி அயோமி, 17 வயதில் தகரத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கை வாசிப்பு என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். 1971இல் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரை ஸ்வரம் இறக்கினார். அந்தத் தாழ்ந்த, கனத்த நாதம் பின்னால் வந்த பலருக்கும் வழிகாட்டியாயிற்று.

இந்தக் கனம் எப்படி வருகிறது? நம்ம தம்புராவைப் போலவே கிடாரிலும் ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டுகிறார்கள். காந்தாரம் கிடையாது. ஆம்ப்ளிஃபையரை அளவுக்கு மீறி முடுக்கி அந்த ஒலியைச் சிதைக்கும்போது, இரண்டுக்கும் கீழே இன்னொரு ஷட்ஜமம் தானாகப் பிறக்கிறது. இரண்டு ஸ்வரங்களின் அதிர்வெண்கள் 2:3 என்ற விகிதத்தில் இருப்பதால், அவற்றின் வித்தியாசமான 1, கீழ் ஸ்தாயி ஷட்ஜமமாகக் காதில் விழுகிறது. ஆக, கனம் வேறு, சத்தம் வேறு. ஒலியைக் குறைத்து வைத்தாலும் கனம் போகாது.

இரண்டாவது லட்சணம் 'ரிஃப்'. திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு ஸ்வரக் கோர்வை, அவ்வளவுதான். பாட்டு முழுவதும் அதன் மேல் நிற்கும். பிளாக் சப்பாத்தின் முதல் பாட்டில் அது மூன்றே ஸ்வரம்: ஷட்ஜமம், மேல் ஷட்ஜமம், பிரதி மத்யமம்.

நீண்ட முடி, கறுப்புச் சட்டை, இருண்ட கருப்பொருள் இவையெல்லாம் கணக்கில்லையா? உண்டு என்கிறார் அமெரிக்கச் சமூகவியலாளர் டீனா வைன்ஸ்டைன். 1991இல் வந்த அவருடைய நூல், ஒலி, தோற்றம், சொல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மெட்டல் என்கிறது. ஆனால் இரண்டு சம்பவங்கள் வேறு பாடம் சொல்கின்றன.

1989இல் ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதன்முதலாக ஒரு கிராமி விருது வைத்தார்கள். 'மெட்டாலிகா'வுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, புல்லாங்குழலுக்குப் பேர்போன 'ஜெத்ரோ டல்' குழு தட்டிக்கொண்டு போனது. அங்கேயும் மின்கிடார் உண்டு, ஆனாலும் ரசிகர்கள் ஒப்பவில்லை. மறு வருஷமே விருதை இரண்டாகப் பிரித்தார்கள். மெட்டல் விருது மெட்டாலிகாவுக்குப் போயிற்று.

1996இல் பின்லாந்தின் 'அபோகலிப்டிகா' என்ற நால்வர், கிடாரோ பாடகரோ இல்லாமல், வெறும் செல்லோக்களில் மெட்டாலிகா பாடல்களை வாசித்தார்கள். இதை மெட்டல் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏனென்றால் ரிஃப் அப்படியே இருந்தது, வில்லின் அழுத்தம் கனத்தைக் கொடுத்தது.

ஆகவே கனத்த நாதத்தில் நிற்கும் ரிஃப்தான் மெட்டலின் உயிர், மற்றவை உடுப்பு என்பது என் துணிபு. எல்லைக்கோட்டில் எந்தக் குழு உள்ளே, எது வெளியே என்ற வாதம் ஓயாது, ஓய வேண்டியதுமில்லை.

பெற்றோருக்கு ஒரு யோசனை. ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு, கூட உட்கார்ந்து கேளுங்கள். "இந்த ரிஃப் என்ன ஸ்வரம்னு பாடிக் காட்டு" என்று கேளுங்கள். இந்தப் பாடல்களில் தோடியின் ஸ்வரங்கள், கமகம் இல்லாமல், அடிக்கடி வரும். வயலின் வகுப்புக்குப் போகிற பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பது அவர்களாகத்தான் இருக்கும்.