பாகம் பிரிந்த செங்கல் மாளிகை

பழைய தில்லியின் சந்துகளில் நாம் காணும் ‘ஹவேலி’கள், விரற்கடை கனமே உள்ள லக்கோரிச் செங்கற்களைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் அடுக்கி எழுப்பியவை. நடுவே திறந்த முற்றம். வெப்பக் காற்று அதன் வழியே மேலெழும். சுற்றியுள்ள அறைகள் அதனாலேயே வெளிச்சம் பெறும்.

வாரிசுகள் பாகம் பிரிக்கும்போது முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்புவதுண்டு. பாதி முற்றம் பாதி வெளிச்சத்தைக்கூடத் தருவதில்லை என்பதைப் பாகப் பத்திரம் எழுதுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை போலும்!

அதனினும் கேடு, ஒரு பாகத்தார் பூசும் சிமெண்டு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்டோ உள்ளேயே அடைத்துவிடும். பொதுச்சுவரின் செங்கல் பொரிந்து உதிர, மறுபாகத்தாரும் துன்புறுவர்.

பல்லிமாரானில் கவிஞர் மிர்ஸா காலிப் வாழ்ந்த மாளிகையும் துண்டுபட்டதே. அதில் ஒரு பகுதியைச் செப்பனிட்டு, 2000-ஆம் ஆண்டில் நினைவகமாகத் திறந்தனர். அப்பணிக்கு லக்கோரிச் செங்கல்லையே மீண்டும் தேடிக் கொணர்ந்தனர்.