நாமாக விரும்பிப் போடும் கூடாரம்

வன்னியில் மலை இல்லை. குளக்கட்டைத்தான் எமது பிள்ளைகள் உயரமென்று ஏறி விளையாடுகிறார்கள். ஆனாலும் எமது வாசலால் போகும் ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. அந்த வீதியால் போய், மலைப்பாதைகளில் நடந்து, இரண்டு இரவு கூடாரத்தில் தங்கி வரலாமே என்று மகளிர் சங்கக் கூட்டமொன்றில் பேச்சு வந்தபோது முதலில் எழுந்தது சிரிப்புத்தான். தறப்பாளுக்குள் கிடந்தது போதாதென்று காசு கொடுத்தும் போய்க் கிடக்க வேண்டுமா என்று ஓர் அக்கா கேட்டார்.

நியாயமான கேள்வி. 2009இல் செட்டிகுளம் மனிக்பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்தோம். கூடாரத்துக்குள் வெக்கை, தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. ஆனால் முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் வயிற்றைப் பிசைகிறது. சுற்றுலாக்காரர் போடுவதும் முகாம்தான். அங்கே எந்த இடத்தில் போடுவது, பக்கத்தில் யார் படுப்பது, எப்போது கழற்றிக்கொண்டு கிளம்புவது என்பதையெல்லாம் போடுகிறவரே தீர்மானிக்கிறார். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே போய்ப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். துணி காற்றில் படபடக்கும் சத்தத்தில் கண்மூட முடியாத சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பகலில் கூட நடந்துவிட்டு, இரவில் அறை எடுத்துத் தங்கட்டும். வற்புறுத்தக் கூடாது.

வெளியில் படுத்துறங்கும் பயணம் எமக்குப் புதிதுமல்ல. ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள் மரநிழலில் கொட்டில் போட்டு, சமைத்து, நாட்கணக்கில் தங்குகின்றன. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரையில் வயதான அம்மாக்களும் வாரக்கணக்கில் நடக்கிறார்கள்.

மலைக்குப் போவதற்குக் காலம் பார்க்க வேண்டும். எமக்கு வெயில் கொளுத்திக் கச்சான் வீசும் மாதங்களில் மலையகத்தின் மேற்குச் சரிவில் மழை கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை அங்கே இறக்கிவிட்டுத்தான் வறண்ட காற்றாக எம்மிடம் வருகிறது. ஆகவே சிவனொளிபாதமலைப் பக்கம், ஹோட்டன் சமவெளிப் பக்கம் போவதென்றால் சனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைதான் தோது என்றால் ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளை, எல்ல போன்ற இடங்களில் மழை குறைவு.

முதல் தடவை போகிறவர்களுக்குச் சிவனொளிபாதமலையே பொருத்தம். 2243 மீற்றர் உயரம். மார்கழிப் போயா முதல் வைகாசிப் போயா வரை யாத்திரைக் காலம். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரவு முழுவதும் வெளிச்சமும் தேநீர்க் கடைகளும் சனமும் இருக்கும் என்பதால் பெண்கள் மட்டும் போனாலும் பயமில்லை. ஹோட்டன் சமவெளி வேறு மாதிரி. 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புல்வெளி அது. மரைகள் மேயும், சிறுத்தையும் உண்டு. உலக முடிவு என்னும் செங்குத்துப் பள்ளம் அங்கேதான் இருக்கிறது. கூடாரம் போட வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். வாசலில் பொலித்தீன் பைகளை வாங்கி வைத்துவிடுவார்கள். சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு போனால் தொல்லையில்லை.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 0.65 பாகை வெப்பம் குறையும். கிளிநொச்சியில் 30 பாகை என்றால் 2100 மீற்றர் உயரத்தில் பதினாறோ பதினேழோதான். அதுவும் பகலில். சனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படிவதுமுண்டு. மேலே போர்க்கும் போர்வையைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், ஏனென்றால் உடம்புச் சூட்டை நிலம் உறிஞ்சிவிடும். தடித்த விரிப்பு, அதன்மேல் பனையோலைப் பாய், படுக்கும்போது உலர்ந்த காலுறை. நனைந்த உடுப்போடு படுக்கவே கூடாது. ஓடைக்கரையிலும் பட்ட கிளைக்குக் கீழும் கூடாரம் போடாதீர்கள். எள்ளுருண்டையும் பயற்றம் பணியாரமும் பல நாள் பழுதாகா. நடையில் களைத்தால் கடையில் வாங்கும் எந்தப் பிஸ்கற்றையும்விட அவை மேல். அட்டை கடித்தால் இழுத்துப் பிய்க்காமல் உப்புத் தண்ணீர் விடுங்கள், தானே விழுந்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையகத்தில் பல இடங்களில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. எந்தப் பாதை பாதுகாப்பானது என்று அந்தந்த ஊரில் விசாரிக்காமல் ஏற வேண்டாம்.

மலசலகூடம் எங்கே என்று முதலில் கேளுங்கள், காட்சி எங்கே என்று பிறகு கேட்கலாம். மாதவிலக்கு நாட்களுக்கான துணியையும் கட்டிக்கொண்டு வர ஒரு பையையும் மறக்க வேண்டாம். செல்துண்டு உடம்பில் இருப்பவர்கள், செயற்கைக்கால் போட்டவர்கள் படிகளைத் தவிர்த்து தோட்டத்துச் சமதரைப் பாதைகளில் நடக்கலாம். கணவனை இழந்தவள் ஊர் சுற்றப் போகிறாள் என்று கதைப்பவர்கள் கதைக்கட்டும். அவர்கள் எமது அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போட்டவர்களுமல்லர்.

அந்தத் தோட்டத்துப் பாதைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக, பீக்கோ நடைபாதை என்று இப்போது அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். வெளிநாட்டவர் ஆசையோடு நடக்கிறார்கள். அதன் பெரும்பகுதி வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை கொண்டுபோக அமைத்த பாதை. வெட்டியதும் சுமந்ததும் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மன்னார்க் கரையில் இறங்கி, எமது காடுகளூடாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர் ஏராளம். 2023இல், 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் மறுபடி அந்த வழியில் நடந்தார்கள்.

1977 வன்செயலுக்குப் பிறகு அதே மலையிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எம்மோடு இருக்கின்றன. அந்த அம்மாக்களுக்குத் தோட்டத்தின் பெயரும், டிவிசனும், லயத்தின் வாசலில் நின்ற மரமும் ஞாபகம் இருக்கும். அவர்களின் மகள்மார் அந்த இடத்தை ஒருநாளும் கண்டதில்லை. உங்கள் சங்கம் மலைக்குப் போகத் தீர்மானித்தால், எந்தப் பாதையால் போவதென்று அவர்களிடம் கேளுங்கள். அம்மா நடக்கக் கூடியவராக இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.